தின்பது வேறு, பெருகுவது வேறு: சிலந்திப்பேனும் அதை வேட்டையாடும் பேன்களும்

சிலந்திப்பேனுக்கு மருந்து அடித்துச் சலித்தவர்களிடம் இரைவிழுங்கிப் பேன்களை, அதாவது சிலந்திப்பேனைத் தின்னும் வேட்டைப்பேன்களை, வாங்கி விடச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல ஆலோசனைதான். ஆனால் சொல்கிறவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். "இது சிலந்திப்பேனைத் தின்னும்" என்று ஒரு வரி போதும் என்று நினைக்கிறார்கள். எந்தச் சிலந்திப்பேனை? எந்தச் செடியின் மேல் இருக்கும்போது? தின்றுவிட்டு அது முட்டையிடுமா, குஞ்சுகள் வளர்ந்து ஆளாகுமா? இவற்றுக்கு விடை தெரியாமல் விடப்படும் பேன்கள் சில நாளில் காணாமல் போகும். "உயிரியல் முறையெல்லாம் நம் வயலுக்கு ஒத்துவராது" என்ற முடிவு மட்டும் அங்கே மிஞ்சும். இந்த முடிவு தவறானது என்பதால்தான் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிலந்திப்பேன் பூச்சி அல்ல. எட்டுக் கால் உள்ளது, சிலந்தியின் உறவு, அரை மில்லிமீட்டர் நீளம். இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து செல்களைக் குத்தி உறிஞ்சும். இலை முதலில் புள்ளி புள்ளியாக வெளுக்கும், பிறகு காய்ந்து உதிரும். இந்தக் கூட்டத்திலேயே உலகம் அதிகம் ஆராய்ந்தது இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன், அறிவியல் பெயர் டெட்ரானிக்கஸ் உர்டிகே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து தாய்ப்பேன் ஆக ஏறக்குறைய பத்து நாள் போதும். கருவுறாத முட்டையிலிருந்தும் ஆண் பிறக்கும் என்பதால், தனியாக வந்து சேர்ந்த ஒரே பெண்கூடக் கூட்டத்தைத் தொடங்கிவிடும். தொண்ணூறுக்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களுக்கு இது எதிர்ப்புத்திறன் காட்டியிருப்பதாகப் பதிவாகியுள்ளது.

இதை வேட்டையாடுபவை ஃபைட்டோசீடே குடும்பத்துப் பேன்கள். இவற்றுக்குக் கண் கிடையாது. முன்னங்கால்களால் மணத்தைத் தேடி நடக்கும், இரையைக் குத்தி உறிஞ்சிச் சக்கையாக விட்டுப் போகும். சிலந்திப்பேன் தாக்கிய செடியே ஒருவகை மணத்தை வெளிவிட்டு இவற்றை ஈர்க்கிறது என்பதை நெதர்லாந்தில் சபெலிஸ், டிக்கே ஆகியோரின் குழுக்கள் 1980-களில் அவரை இனச் செடிகளை வைத்துக் காட்டின. செடி, தின்னி, தின்னியைத் தின்பது என்று மூன்று தரப்பும் சேர்ந்த விவகாரம் இது. இரையின் தகுதியைப் பற்றிப் பேசும்போது செடியை மறந்தால் கணக்கு தப்பும். தக்காளி விஷயத்தில் இதைப் பார்க்கப் போகிறோம்.

ஓர் இரை தகுதியானதா என்று எப்படிச் சொல்வது? ஆய்வகத்தில் ஈரப் பஞ்சின் மேல் சிறு இலைத்துண்டை வைத்து, அதில் இரையையும் ஒரு குட்டி வேட்டைப்பேனையும் விடுவார்கள். எத்தனை குட்டிகள் பிழைக்கின்றன, வளர எத்தனை நாள் ஆகிறது, வளர்ந்த பெண் நாளுக்கு எத்தனை முட்டை இடுகிறது என்று குறித்துக்கொண்டே போவார்கள். இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்க வேகம் என்ற ஒற்றை எண்ணைக் கணக்கிடுவார்கள். என்னைக் கேட்டால், 'ஒரு நாளில் எத்தனை தின்றது' என்ற எண்ணைவிட இதுதான் முக்கியம். பசி எடுத்தால் வேட்டைப்பேன் ஒவ்வாததையும் தின்னும். அதை வைத்து அதன் அடுத்த தலைமுறை வளராது. விற்பனைத் தாள்களில் முதல் எண்ணைத்தான் பெரிதாகப் போடுவார்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வயிறு நிரம்புவதைத் தாண்டியும் இரை சிலவற்றைத் தருகிறது. நெதர்லாந்தில் 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. அம்ப்ளிசியஸ் பொட்டென்டில்லே என்ற வேட்டைப்பேனைக் கரோட்டினாய்டு நிறமிகள் இல்லாத உணவில் வளர்த்தார்கள். உயிரோடுதான் இருந்தது. ஆனால் பகல் குறுகுவதை அதனால் உணர முடியவில்லை, குளிர்கால ஓய்வுநிலைக்கும் போகவில்லை. நாளின் நீளத்தை அறியும் திறனுக்கு அந்த நிறமிகள் உணவின் வழியாக வந்தாக வேண்டும். சிலந்திப்பேனிடம் அவை ஏராளம். விலங்குகளால் பொதுவாகக் கரோட்டினாய்டுகளை உண்டாக்க முடியாது, ஆனால் சிலந்திப்பேனின் மரபுத்தொகுதியில் பூஞ்சையிலிருந்து வந்த அதற்கான மரபணுக்களே இருக்கின்றன. அந்த மரபுத்தொகுதி 2011இல் முழுமையாகப் படிக்கப்பட்டபோது தெரியவந்தது இது.

இரையும் வேட்டையாடியும் கச்சிதமாகப் பொருந்திய ஜோடி என்றால் இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேனும் ஃபைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸும்தான். இந்த வேட்டைப்பேனை 1957இல் அல்ஜீரியாவிலிருந்து விவரித்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் சிலியிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளிலும் அது தென்பட்டது, அங்கிருந்து ஐரோப்பியக் கண்ணாடிக் கூடங்களுக்குப் பரவியது. நெதர்லாந்தில் வெள்ளரி பயிரிட்டுவந்த யான் கோப்பர்ட் 1967இல் தொடங்கிய நிறுவனம் இந்தப் பேனை வைத்துத்தான் பிறந்தது. மாதுளை முத்துபோல் செந்நிறமாக, நீண்ட கால்களோடு வேகமாக ஓடும். சிலந்திப்பேன் பின்னும் நூல்வலைக்குள் சிக்காமல் நுழையும். வளர்ந்த பெண் நாளுக்கு இருபது சிலந்திப்பேன் முட்டைகள் வரை தின்று, நான்கைந்து முட்டைகள் இடும். இருபத்தைந்து டிகிரிக்குச் சற்று மேலே இருந்தால் முட்டையிலிருந்து ஆளாக ஐந்து நாள்தான். இரைக்குப் பத்து நாள், வேட்டையாடிக்கு ஐந்து நாள் என்றால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பொருத்தத்துக்கு விலை உண்டு. பெர்சிமிலிஸ் டெட்ரானிக்கஸ் வகைச் சிலந்திப்பேன்களை நம்பியே வாழ்கிறது. மகரந்தம், வெள்ளை ஈ, இலைப்பேன் எதையும் வைத்து அதனால் தலைமுறையைத் தொடர முடியாது. இரையைத் துடைத்து எடுத்ததும் அதுவும் பட்டினியில் மறையும், சிலந்திப்பேன் மறுபடி வந்தால் மறுபடி வாங்க வேண்டும். வளர்ப்பதற்கும் செலவு அதிகம். அவரை வளர்த்து, அதில் சிலந்திப்பேன் வளர்த்து, அதன் மேல் இதை வளர்க்க வேண்டும். இதைத் தவிடும் சேமிப்புப் பொருள் பேன்களும் கொண்டு வளர்க்கிற அம்ப்ளிசியஸ் சுவிர்ஸ்கி என்ற இன்னொரு வேட்டைப்பேனோடு ஒப்பிட்டால் விலை ஏன் அவ்வளவு வேறுபடுகிறது என்பது புரியும்.

வேட்டையாடி இரையை முழுதாகத் தின்று தானும் அழிவதை 1958இல் கலிஃபோர்னியாவில் ஹஃபேக்கர் என்ற ஆய்வாளர் ஆரஞ்சுப் பழங்களை வரிசையாக அடுக்கிச் செய்த சோதனை அழகாகக் காட்டியது. சாதாரண அடுக்கில் வேட்டைப்பேன் சிலந்திப்பேனை ஒழித்துவிட்டுப் பட்டினியில் செத்தது. பழங்களுக்கிடையே வாசலின் தடைகள் போட்டு, சிலந்திப்பேன் நூலில் மிதந்து தப்பிக்கச் சிறு குச்சிகளும் நட்ட பிறகுதான் இரண்டும் ஏறி இறங்கி ஒன்றாகச் சில சுற்று வாழ்ந்தன. வயலில் ஒட்டுமொத்தமாக ஒழிப்பது நோக்கமா, குறைவான எண்ணிக்கையில் நெடுநாள் அடக்கி வைப்பது நோக்கமா என்ற கேள்வி அப்போதிருந்தே இருக்கிறது. நான் இரண்டாவதன் பக்கம். அதற்கு நியோசியூலஸ் கலிஃபோர்னிகஸ் போன்ற நடுத்தர வகை பொருந்தும். சிலந்திப்பேனை விரும்பும், கிடைக்காதபோது மகரந்தம், வேறு சிறு பேன்கள் என்று காலத்தை ஓட்டும்.

அடுத்தது வலை. சிலந்திப்பேனின் உடல் சத்தாக இருந்தும் அதை நெருங்க முடியாவிட்டால் அது தகுதியான இரை இல்லை. சுவிர்ஸ்கி ஆய்வகத்தில் இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேனைத் தின்று வளரும், முட்டையும் இடும். வெள்ளரி இலையில் வலை அடர்ந்துவிட்டால் உள்ளே போக முடியாமல் திணறும். வலை அதிகம் பின்னாத பழமரச் சிலந்திப்பேன்களான பனோனிக்கஸ் வகைகளை மட்டும் பலவகை இரையையும் தின்னும் பொதுத்தின்னிப் பேன்கள் நன்றாகக் கட்டுப்படுத்துகின்றன. ஆப்பிள் தோட்டங்களில் டைஃப்லோட்ரோமஸ் பைரி செய்யும் வேலை அப்படிப்பட்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு நெதர்லாந்து ஆய்வாளர் மெசெலிங்க் குழுவினருடையது. வெள்ளரியில் சிலந்திப்பேன் மட்டும் இருந்தபோது சுவிர்ஸ்கியால் அடக்க முடியவில்லை. கூடவே வெள்ளை ஈயும் இருந்தபோது சுவிர்ஸ்கி அதைத் தின்று பெருகி, அந்தப் பெரிய படையோடு சிலந்திப்பேன் பரவுவதையும் குறைத்தது. ஒரு பூச்சி தொல்லை தருகிறதே என்று அதை முதலில் துடைத்தெடுப்பது சில நேரம் நமக்கே எதிராகத் திரும்பும்.

ஜப்பானில் மூங்கில் இனப் புற்களில் வாழும் ஸ்டிக்மியோப்சிஸ் சிலந்திப்பேன்கள் ஒருபடி மேலே போகின்றன. இலைக்குழியில் கூரைபோல் நெய்த கூடு கட்டிக் கூட்டமாக வாழும். தாயும் தந்தையும் சேர்ந்து கூட்டுக்குள் வரும் வேட்டைப்பேனின் குஞ்சுகளைத் தாக்கிக் கொல்லவும் செய்யும் என்று ஹொக்கைடோவில் சைட்டோ என்ற ஆய்வாளர் 1980-களில் பதிவு செய்தார். இரை என்றால் சும்மா காத்திருக்கும் உணவு என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி தக்காளிக்கு வருவோம். இரையின் தகுதி என்ற கேள்வி வெறும் ஆய்வக விளையாட்டு அல்ல என்பதற்கு டெட்ரானிக்கஸ் எவான்சி என்ற தக்காளிச் சிவப்புச் சிலந்திப்பேனைவிட நல்ல சான்று இல்லை. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. தக்காளி, கத்தரி, உருளை, மணத்தக்காளி குடும்பத்துச் செடிகளை விரும்பும். 1979இல் ஜிம்பாப்வேயில் கண்டறியப்பட்டு, பிறகு கென்யா, மலாவி, ஜாம்பியா என்று பரவியது. 1990-களில் ஸ்பெயின், அப்புறம் பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், ஜப்பான், தைவான். வறண்ட காலத்தில் ஆப்பிரிக்கச் சிறு விவசாயியின் தக்காளிச் செடி வலையால் போர்த்தப்பட்டு முழுதாகக் காய்ந்துபோகும். ஜிம்பாப்வேயில் 90 சதவீதம் வரை விளைச்சல் இழப்பு பதிவாகியிருக்கிறது.

பார்த்தவுடன் எவருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேனுக்குப் பெர்சிமிலிஸ் இருக்கிறதே, இதற்கும் அதையே விடலாம். இரண்டும் ஒரே பேரினம், ஒரே அளவு, ஒரே பழக்கம். ஆனால் பலிக்கவில்லை. ஸ்பெயினின் வலென்சியாவில் எஸ்குடெரோ, ஃபெர்ராகுட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் உர்டிகே, துர்கெஸ்தானி, லுடெனி, எவான்சி என்ற நான்கு டெட்ரானிக்கஸ் இனங்களைப் பெர்சிமிலிஸுக்கும் கலிஃபோர்னிகஸுக்கும் இரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எவான்சியில் மட்டும் இரண்டு வேட்டைப்பேன்களும் படுத்துவிட்டன. குட்டிகள் அதிகம் செத்தன, வளர்ச்சி இழுத்தது, முட்டை குறைந்தது. மற்ற மூன்றிலும் அவை நன்றாகவே பெருகின.

இதில் செடியின் பங்கு உண்டா என்று பார்த்தார்கள். தக்காளியின் தண்டிலும் இலையிலும் ஒட்டும் சாறு சுரக்கும் மயிர்கள் உண்டு. அதில் மாட்டி வேட்டைப்பேன்கள் நடக்க முடியாமல் சாகின்றன. கலிஃபோர்னிகஸை வைத்துச் செய்த ஆய்வில் தக்காளி இரண்டு வழியில் கெடுப்பது தெரிந்தது. மயிர்கள் நேரடியாகத் தொல்லை கொடுக்கின்றன, தக்காளியைத் தின்று வளர்ந்த எவான்சியின் உடலும் தரம் குறைந்த உணவாகிறது. இன்னொரு விசித்திரம்: எவான்சி தக்காளியின் தற்காப்பையே அடக்கிவிடுகிறது. மற்றச் சிலந்திப்பேன்கள் கடித்தால் செடி தன்னைக் காக்கும் பொருள்களை அதிகமாக உண்டாக்கும். எவான்சி கடித்த செடியில் அவை கடிக்காத செடியைவிடக் கீழே போய்விடுகின்றன என்று பிரேசில், நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். அதனால் அது வேகமாகப் பெருகுகிறது, இலை முழுவதும் வலை கட்டுகிறது.

அப்படியானால் இதைத் தின்று வாழும் பேன் உலகில் எங்கும் இல்லையா? இருக்க வேண்டும், இந்தச் சிலந்திப்பேன் பிறந்த இடத்தில் தேட வேண்டும் என்று கிளம்பினார்கள். நைரோபியின் இசிப்பே பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனமும் பிரேசிலில் பிரசிகாபாவின் வேளாண் கல்லூரி ஆய்வாளர்களும் இந்தத் தேடலில் இருந்தனர். பிரேசிலில் எவான்சியோடு சேர்ந்து அடிக்கடி காணப்பட்ட ஃபைட்டோசியூலஸ் ஃப்ராகரியே முதலில் நம்பிக்கை தந்தது. ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தால் அதுவும் எவான்சியில் தேறவில்லை. ஓர் இரையின் பக்கத்தில் ஒரு வேட்டையாடி இருந்தது என்பதே பொருத்தத்துக்குச் சான்று ஆகாது. இந்தத் தவறான முடிவு வயல்வெளிப் பட்டியல்களில் நிறைய இருக்கிறது.

கடைசியில் அர்ஜென்டினா எல்லையை ஒட்டிய பிரேசிலின் உருகுவையானா ஊரில் கிடைத்தது ஃபைட்டோசியூலஸ் லாங்கிபெஸ். இது எவான்சியைத் தின்று நன்றாக வளர்ந்தது, முட்டையிட்டது, தக்காளி மயிர்களிலும் சமாளித்தது. இதில் உண்மையான படிப்பினை வேறு. லாங்கிபெஸ் புதிய இனம் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்தே 1958இல் விவரிக்கப்பட்டது. ஆனால் தென்னாப்பிரிக்கக் கூட்டத்தையும் சிலிக் கூட்டத்தையும் எவான்சியோடு வைத்தபோது அவற்றால் அதில் வாழ முடியவில்லை. பிரேசில், அர்ஜென்டினாக் கூட்டங்களால் முடிந்தது. பெயர் ஒன்று, பார்வைக்கு ஒன்று, இரை விஷயத்தில் வேறு வேறு. குப்பியின் மேல் இனப்பெயர் மட்டும் இருந்தால் போதாது, எங்கிருந்து எடுத்த கூட்டம், எதில் வளர்த்தது என்றும் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பெர்சிமிலிஸைக்கூடத் தக்காளியிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோது தக்காளியில் அதன் திறன் கூடியது என்று 1990-களிலேயே காட்டியிருக்கிறார்கள்.

லாங்கிபெஸ் வந்த பிறகும் எவான்சி சும்மா இருக்கவில்லை. வேட்டைப்பேனின் தடயத்தை உணர்ந்தால் தாய்ப்பேன் முட்டைகளை இலையில் இடாமல் வலை நூலில் தொங்கவிடுகிறது. அப்படித் தொங்கும் முட்டைகள் குறைவாகத் தின்னப்படுகின்றன என்று 2010இல் பதிவானது.

மரவள்ளிக் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு பாடம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரவள்ளிப் பச்சைச் சிலந்திப்பேன் 1971இல் உகாண்டாவில் தோன்றி, படிப்படியாக ஆப்பிரிக்காவின் மரவள்ளிப் பரப்பின் பெரும்பகுதிக்கும் பரவியது. வெப்பமண்டல வேளாண்மைக்கான சர்வதேச நிறுவனம் 1984 முதல் கொலம்பியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட வேட்டைப்பேன்கள் ஒன்றும் நிலைக்கவில்லை. பிறகு, ஆப்பிரிக்க வறண்ட பகுதிகளைப் போன்ற வானிலை கொண்ட வடகிழக்கு பிரேசிலில் தேடினார்கள். அங்கே கிடைத்த டைஃப்லோட்ரோமாலஸ் அரிப்போ 1993இல் பெனினில் விடப்பட்டது, மளமளவென்று பல நாடுகளுக்குப் பரவி நிலைத்தது. இது பெரும் தீனிக்காரன் இல்லை. பகலில் மரவள்ளியின் நுனிக்குருத்துக்குள் ஒளிந்திருக்கும், இரவில் இலைகளுக்கு இறங்கி வேட்டையாடும். இரை அருகிய காலத்தில் மக்காச்சோள மகரந்தத்திலும் செடியின் கசிவிலும் உயிர்வாழும். சிலந்திப்பேன் அதற்கு நல்ல இரைதான், ஆனால் அதன் வெற்றிக்குக் காரணம் இரை இல்லாத மாதங்களைக் கடக்கத் தெரிந்ததுதான். நுனியில் மயிர் அடர்ந்த மரவள்ளி ரகங்களில் இது நன்றாகத் தங்குகிறது என்பதும் தெரியவந்தது, அதாவது ரகத் தேர்வும் இங்கே பூச்சிக் கட்டுப்பாடு ஆகிறது.

நம் பக்கம் வந்தால், தேயிலையில் செஞ்சிலந்திப்பேன், அறிவியல் பெயர் ஒலிகோனிக்கஸ் காஃபியே. அசாமில் 1868லேயே பதிவானது, இன்று வால்பாறையிலும் நீலகிரியிலும் தோட்டக்காரர்களுக்கு நன்கு தெரிந்த தொல்லை. முற்றிய இலையின் மேற்பக்கம் வாழும், வலை லேசானது. நம் மண்ணில் இயல்பாகவே வாழும் நியோசியூலஸ் லாங்கிஸ்பைனோசஸ் என்ற வேட்டைப்பேன் இதை உண்டு பெருகும் விதத்தை வால்பாறையில் உபாசி (தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கம்) தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்திருக்கிறார்கள். வெண்டை, கத்தரி, ரோஜாவில் வரும் டெட்ரானிக்கஸ் பேன்களையும் இது தின்னும். பெர்சிமிலிஸ் முப்பது டிகிரியைத் தாண்டினால் சோர்ந்துபோகும், வறண்ட காற்றில் அதன் முட்டைகள் பொரிக்காமல் சுருங்கிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் தமிழ்நாட்டுச் சமவெளியில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று இதிலிருந்தே தெரிகிறது. வெளிநாட்டுக் குப்பிக்கு அலைவதற்கு முன் நம் வயலில் ஏற்கெனவே இருக்கும் இந்தப் பேனைக் கொல்லாமல் விடுவது செலவில்லாத முதல் வேலை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு டிடிடி போன்ற மருந்துகள் வந்தபோதுதான் சிலந்திப்பேன்கள் உலகெங்கும் பெரும் தொல்லை ஆயின. அந்த மருந்துகள் வேட்டைப்பேன்களைக் கொன்றன, சிலந்திப்பேன்கள் தப்பின.

சரி, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் இலையில் இருப்பது எது என்று தெரிய வேண்டும். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே சிலந்திப்பேன் அல்ல. டெட்ரானிக்கஸ் இனங்களை நிறத்தால் பிரிக்க முடியாது, ஆண் பேனைக் கண்ணாடித் தகட்டில் பக்கவாட்டில் கிடத்தி அதன் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் அடையாளம் சொல்வார்கள். அதனால் மாதிரி எடுக்கும்போது பெரிய பெண் பேன்களை மட்டும் பொறுக்காமல், சிறுத்து வால்பக்கம் கூம்பிய ஆண்களும் இருக்கும்படி நாலைந்து இலைகளை ஆல்கஹால் கரைசலில் போட்டுப் பக்கத்து வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறைக்கு அனுப்புங்கள். எந்தச் செடி, மருந்து என்ன அடித்தீர்கள், எப்போது அடித்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டியவை அதற்குப் பிறகு: இந்த இனத்தை இந்தப் பேன் தின்று முட்டையிட்டதைப் பார்த்திருக்கிறீர்களா, எந்தச் செடியில் வளர்த்தீர்கள், எந்த வெப்பத்தில்?